கண் போன ஒன்பது பாவைப்பிள்ளைகள்

1. கடல் வந்தது. கரையோரத்து வீடு அத்திவாரத்தோடு போயிற்று. உம்மா, வாப்பா, நான் மூன்று பேரும் மிஞ்சினோம்.
2. பாடசாலை முகாமுக்கு வந்த நிவாரணப் பெட்டி ஒன்றில் பழைய பாவைப்பிள்ளைகள் இருந்தன. நான் நான்கை எடுத்துக்கொண்டேன்.
3. தகரக் கொட்டிலில் நான்கு வருடம் இருந்தோம். பாவைகள் பதினொன்றாயின.
4. கடலுக்கு எட்டத்தில், புதுக் குடியேற்றத்தில் வீடு கிடைத்தது.
5. நாட்டில் நடந்த சண்டை முடிந்தது.
6. என்னையும் வீட்டையும் பார்க்க வருவதாக மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சொல்லி அனுப்பினார்கள்.
7. அவர்கள் வருவதற்கு முதல் நாள் உம்மா ஒன்பது பாவைகளின் கண்களை அழித்துவிட்டார்.

எழுதிப் பார்த்தால் ஏழு வரிக்குள் அடங்கிவிடுகிறது. நான் படவரைஞர் வேலை படித்தவள். இலக்கமிட்டு எழுதினால்தான் எதுவும் எனக்குப் பிடிபடும். ஆனால் உம்மா ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு அந்த ஏழு வரி போதாது.

முகாமில் அந்தப் பெட்டியைத் திறந்தபோது மேலே தடித்த கம்பளிச் சட்டைகள் இருந்தன. எங்கள் ஊர் வெக்கைக்கு அவற்றை யாரும் தொடவில்லை. அடியில் பாவைகள். குழந்தைப் பாவைகளைச் சிறுபிள்ளைகள் பறித்துக்கொண்டு போனார்கள். மிஞ்சியவை நெட்டையான, மெலிந்த, முகம் நிறையப் பூச்சுப் பூசிய பெண் பாவைகள். குட்டைப் பாவாடையைப் பார்த்துத் தாய்மார் முகத்தைத் திருப்பினார்கள். பக்கத்துப் பாயில் இருந்த பெண் மட்டும் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இதுக்கும் சுனாமிதான் போல, உடுப்பெல்லாம் போயிட்டு" என்றாள். அந்த வகுப்பறையில் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

எனக்கு விளையாடும் வயது தாண்டியிருந்தது. நான் அவற்றை எடுத்தது உள்ளே இருந்த பொறிக்காக. ஒன்றின் வயிற்றில் அழுத்தினால் உச்சந்தலையிலிருந்து முடி நீளமாக வரும். முதுகுச் சாவியைத் திருகினால் உள்ளே போகும். இன்னொன்றுக்கு உடம்பே கிடையாது, தலையும் தோளும் மட்டும். முடி பின்னிப் பழகுவதற்கென்றே செய்தது. மற்ற இரண்டின் முகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் உதடு சிவக்கும், இமை நீலமாகும். இளஞ்சூட்டு நீரில் எல்லாம் மறையும். கழுத்தின் பின்னால் பொறித்திருந்த வருடம் நான் பிறப்பதற்கும் முந்தியது.

ஐஸ் விற்கிறவரிடம் ஒரு துண்டு வாங்கி உம்மாவுக்கு இதைச் செய்து காட்டினேன். உம்மா வெகுநேரம் பார்த்தார். தேத்தண்ணிக்கு வைத்த சுடுநீரில் கொஞ்சம் எடுத்து ஆறவிட்டு, தானே அந்த முகத்தைத் துடைத்தார். நிறம் போய்விட்டது.

"சொன்ன உடன முகத்தக் கழுவுது," என்றார். "நீயும் இரிக்கியே."

அதன் பிறகு வந்த ஏழில் ஐந்து, வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள் கொண்டுவந்தவை. எசமானி வீட்டுப் பிள்ளைகள் கழித்துவிட்டவை. ஒன்று சந்தையில் பழைய சாமான் குவியலில் கிடந்தது. மற்றது என்னோடு வேலை செய்த காரைதீவுப் பெண் தந்தது. ஒரு கொப்பியில் உயரம், முடியின் நிறம், பொறி வேலை செய்கிறதா, எங்கே பழுது என்று நிரல் போட்டு எழுதினேன். உப்புக்காற்றில் அந்த முடி பிசுபிசுத்துச் சிக்காகிவிடும். ஷாம்பு போட்டு அலசி, நுனியிலிருந்து சிக்கெடுத்து, சுடுநீரில் தோய்த்து நேராக்க வேண்டும்.

அந்த வருடங்களில் நான் வேலை செய்த இடத்தில் சுனாமி வீடுகளுக்கு வரைபடம் வரைந்தோம். இரண்டு அறை, ஒரு குசினி, முன் விறாந்தை. காணி மாறும், இலக்கம் மாறும், வீடு மாறாது. பகல் முழுக்க மற்றவர்களின் வீட்டை வரைந்துவிட்டு, பின்னேரம் தகரக் கொட்டிலுக்கு வருவேன். ஒரு பாவையின் தலையைச் சீவி முடித்தால் அது முடிந்த வேலை. வேறு எதுவும் முடிவதாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு வீட்டைக் கட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். வீடில்லாத நான்கு வருடமும் என்னை யாரும் கேட்டு வரவில்லை. அதனால் தரகர் வந்து, சண்டையும் முடிந்தது, இனி எல்லாம் ஒழுங்குக்கு வரும் என்று சொன்னபோது உம்மா அதை அப்படியே நம்பினார். மாப்பிள்ளையின் தாய் மார்க்கத்தில் பேணுதலான மனிசி என்றும் தரகர் சொன்னார். உருவங்கள் உள்ள வீட்டுக்கு வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்பது எங்களுக்கும் தெரியாததல்ல. தொழும்போது நான் பாவைகளைத் துணியால் மூடித்தான் வைப்பேன். உம்மாவுக்கு அது போதவில்லை. அவற்றை எறியவும் மனம் வரவில்லை.

நான் வேலை முடிந்து வந்தபோது உம்மா கிணற்றடியில் குந்தியிருந்தார். வாளியில் சுடுநீர். பக்கத்தில் பெயின்ட்காரன் விட்டுப்போன தின்னர் போத்தல், வெறுமையாக. பாய் விரித்து ஒன்பதையும் வரிசையாகக் கிடத்தியிருந்தார்.

"மேக்கப்ப மட்டுந்தான் எடுக்க நினைச்சன் மகள். சுடுதண்ணில போகல்ல. மறுகா தின்னர் போட்டுத் துடைச்ச. கண்ணும் சேந்து வரும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"அப்ப மத்த ரெண்டும்?"

"தின்னர் முடிஞ்சிட்டு."

எல்லாப் பாவையும் சுடுநீரில் நிறம் மறையும் அந்த இரண்டைப் போலத்தான் என்று உம்மா நினைத்திருந்தார். தலைகளைத் துவட்டி உள்ளே எடுத்து வைத்தேன். உம்மா இரவுச் சோறு சாப்பிடவில்லை.

அடுத்த நாள் நான்கு பெண்கள் வந்தார்கள். கிணறு, மலசலகூடம், கூரை, சுவர் வெடிப்பு எல்லாவற்றையும் பார்த்தார்கள். பெருவீதிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். மாப்பிள்ளையின் தங்கை என் அறைக்குள் வந்து, அலுமாரியில் இருந்த துணியை விலக்கிப் பார்த்தாள்.

"கண்ணெல்லாம் எங்க ராத்தா?"

"கழுவினதுல போயிட்டு."

அவள் முடி நீளும் பாவையைக் கையில் எடுத்தாள். கேட்காமலே வயிற்றை அழுத்தி முடியை இழுத்தாள். "எங்கட ஊட்டயும் இப்பிடி ஒண்டு இரிந்த. கடல் கொண்டு போயிட்டு." அவளுடைய தாய் வாசலில் நின்று பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. மகளைப் பார்த்து, கதவடியில் நின்றிருந்த உம்மாவிடம் திரும்பினார்.

"ஊட்டு உறுதி ஆர்ர பேர்ல ராத்தா இரிக்கி?"

உறுதிப் பத்திரம் இன்னும் தரவில்லை, பிறகு தருவதாகக் கடிதம் மட்டும் தந்திருக்கிறார்கள் என்று உம்மா சொன்னார். குடியேற்றத்தில் யாருக்கும் தரவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

"கடிதத்த வெச்சி என்னத்த எழுதுற?" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். தேநீர் குடித்து, ஸலாம் சொல்லிப் போனார்கள். இரண்டு கிழமையில் தரகர் வந்து, அவர்கள் வேறிடத்தில் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். பாவைகளைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். உம்மா அதை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

வரைபடப் பேனாவால் ஒன்றுக்குக் கண் வரைந்து பார்த்தேன். இடது கண் சரியாக வந்தது. வலது கண் வேறெங்கோ பார்க்கிறது. இப்போது பதினொன்றில் எட்டுக்குக் கண் இல்லை. கடிதம் வாப்பாவின் கோப்பில் இருக்கிறது. உறுதி இன்னும் வரவில்லை.