வந்த நாளுக்குக் கூலி

எனக்கு இரட்டைப் பெண் பிள்ளைகள் பிறந்தபோது ஊரே வந்து பார்த்தது. பார்த்துவிட்டு ஊரே போய்விட்டது. அம்மா காரியாபட்டியில் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தாள். மாமியார் காலமாகி வருஷங்கள் ஆகின்றன. கணவருக்கு விருதுநகர் பருப்பு மண்டியில் வேலை. காலையில் சிவகாசியில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். நான் ஒரு காலண்டர் கம்பெனியில் ஆட்களுக்குக் கூலி போடும் வேலை பார்க்கிறேன். ஆடி பிறந்தால் எங்களுக்கு சீசன். மூன்று மாதத்தில் திரும்பி வராவிட்டால் என் நாற்காலியில் வேறு ஆள் இருக்கும் என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் செய்துவிடுவார்கள், அது எனக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்கு நாற்பது நாள் ஆனபோது, எங்கள் கம்பெனியில் தாள் மடிக்கும் பெண் ஒருத்தி அந்த அக்காவைக் கூட்டி வந்தாள். வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு கிராமம். நாற்பதைத் தாண்டிய வயது, ஒல்லி, அதிகம் பேசாத வாய். பன்னிரண்டு வருஷமாகப் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கும் வேலை. விருதுநகரில் நர்சிங் படிக்கிற மகள், ‘இனி நீ மருந்து ரூமுக்குப் போனா நான் காலேஜுக்குப் போகமாட்டேன்’ என்று அழுது அடம் பிடித்ததால் வீட்டு வேலை தேடுவதாகச் சொன்னார்.

எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன்.

“கம்பெனில ஐநூறு குடுக்காக. அதைக் குடுங்க தாயி. ரெண்டு பிள்ளைன்னு கூட ஒண்ணும் கேக்கல. அதுல கொறஞ்சா எங்க வீட்டுல அங்கனயே போகச் சொல்லுவாக.”

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் விசாரித்தேன். ஆளுக்கு ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி, பாத்திரம் தேய்க்க வருகிறவளுக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடப் போட்டால் போதும், பிள்ளையைப் பார்ப்பது என்ன மலையைப் புரட்டுகிற வேலையா என்றாள். அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது வீட்டில் ஆறு பெண்கள் இருந்தார்கள், அவளுக்கு என்ன தெரியும்! போனில் தேடினால் பெரிய பெரிய ஊர்களின் கணக்கு வந்தது. அதைப் பார்த்ததும் நானே அந்த வேலைக்குப் போய்விடலாமா என்று இருந்தது. என் கணவர் ஒரே போடாகப் போட்டார். முதல் பிள்ளைக்கு முழு டிக்கெட், இரண்டாவதுக்கு அரை டிக்கெட். பருப்பு மண்டியில் வேலை பார்த்துப் பார்த்து மனுஷன் மூளை மூட்டைக் கணக்கிலேயே ஓடுகிறது என்று திட்டினேன்.

திட்டினேனே தவிர, நான் மட்டும் என்ன ஒழுங்கு? மறுநாள் அந்த அக்கா வந்தபோது, மத்தியானச் சோறு இங்கேதானே, அதற்கு ஐம்பது கழித்து நானூற்றைம்பது என்றேன். ஒரு வாய் சோற்றுக்கு விலை வைத்தவள் நான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். வந்த நாளுக்குக் கூலி, வராத நாளுக்கு இல்லை, சனிக்கிழமை சனிக்கிழமை பட்டுவாடா. எட்டு வருஷமாக நூறு பேருக்கு இந்த நியாயத்தில்தான் கூலி போட்டுக்கொண்டிருக்கிறேன். அவரும் பன்னிரண்டு வருஷமாக இந்த நியாயத்தில்தான் வாங்கிக்கொண்டிருந்தார். அதனால் இரண்டு பேருக்குமே அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

அந்த அக்கா வேலை பார்த்ததைச் சொன்னால் கண் பட்டுவிடும். ஒன்று அழுதால் மற்றதுக்குப் பொறுக்காது, அதுவும் சேர்ந்துகொள்ளும். நான் நடுவில் நின்று நானும் அழுவேன். அவர் ஒன்றைத் தோளில் போட்டு, ஒன்றைக் கால்மேல் போட்டு, இரண்டையும் அடக்கிவிட்டு என்னைப் பார்த்து, ‘நீங்க போய்க் குளிங்க தாயி’ என்பார். சின்னவள் எடை குறைவாகப் பிறந்தவள், உறிஞ்சிக் குடிக்கச் சத்து இல்லை. பாலாடையில் சொட்டுச் சொட்டாக, ஒரு மணி நேரம் ஆனாலும் முகம் சுளிக்காமல் புகட்டுவார். அதற்குள் பெரியவளுக்குப் பசி வந்துவிடும். அந்த அக்கா என் வீட்டில் ஒரு நாளும் சூடாகக் காபி குடித்ததில்லை. ஆடியில் நான் தைரியமாக வேலைக்குப் போனேன் என்றால் அவரை நம்பித்தான்.

ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம். பதினோரு நாள் லீவு வாங்கிக்கொண்டு பிள்ளைகளோடு காரியாபட்டி கிளம்பினேன். பதினோரு நாள் நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா என்று, ஏதோ வரம் கொடுக்கிறவள் மாதிரி சொன்னேன்.

“பதினோரு நாளா?” என்று மட்டும் கேட்டார்.

பிள்ளைகளைப் பிரிந்திருக்க முடியாமல் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பெருமைகூட.

கல்யாணம் முடிந்த மறுநாள் மத்தியானம், பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மகன் போனைப் பார்த்துவிட்டு, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வெடித்துவிட்டது என்றான். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு செய்தி வந்தால் யாரும் ஐயோ என்று கத்தமாட்டார்கள். எந்தக் கம்பெனி என்பார்கள், ஆளுக்கு ஒரு நம்பரைக் கூப்பிடுவார்கள். நானும் அந்த அக்காவைக் கூப்பிட்டேன், வீட்டில் சும்மா இருப்பவர்தானே, அவர் சொந்தக்காரர் யாரும் இருந்துவிடக் கூடாதே என்று. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவர் மகளைக் கூப்பிட்டேன்.

“அம்மா ஒரு வாரமா கம்பெனிக்குத்தான் போறாகக்கா, நான் அழுதும் கேக்கல. உங்ககிட்ட சொல்லலையா? வேன்ல ஏத்திட்டுப் போறாக, ஆள் கொறஞ்ச கம்பெனில எறக்கி விடுவாக. இன்னைக்கு எங்கன எறக்குனாகன்னு தெரியலக்கா.” அந்தப் பெண் அழுதபடியே போனை வைத்துவிட்டாள்.

பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? முதலில் என் மனதில் வந்தது, இனிமேல் என் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பதுதான். சீ என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் முகம் வந்தது. பதினோரு நாள் கூலி இல்லை என்றால், மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கு வாரா வாரம் கட்டுகிற பணத்துக்கு அவர் எங்கே போவார்? சோற்றுக்கு ஐம்பது ரூபாய் கழிக்கத் தெரிந்த எனக்கு இந்தக் கணக்கு ஏன் தெரியாமல் போனது? என் பிள்ளைகள் ஊருக்குப் போன அன்றே அவர் வயிற்றுக்கும் லீவு விட்டுவிட்டேன்.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அது தெரிந்தும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். இறந்தவர்கள் மூன்று பேர் என்றார்கள், பிறகு நான்கு என்றார்கள், பெயர் யாருக்கும் தெரியவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு, பிள்ளைக்காவது பால் கொடு என்றாள். சின்னவளை மடியில் போட்டுக்கொண்டு போனையே பார்த்திருந்தேன்.

ஐந்தரை மணிக்கு அவரே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

“என்ன தாயி இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீக? பிள்ளைகளுக்கு என்ன? சின்னவளுக்கு எதுவும் முடியலையா?”

அவரை இறக்கிவிட்டது வேறு கம்பெனி. சத்தம் மட்டும் கேட்டதாம், எல்லாரையும் வெளியே வரச்சொல்லி நிறுத்திவைத்தார்களாம். நான் ஓவென்று அழுதேன். நாளைக்குப் போகாதீர்கள், நான் கூலி தந்துவிடுகிறேன் என்றேன். சரி என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் காலையிலேயே நாங்கள் சிவகாசிக்குத் திரும்பிவிட்டோம். மறுவீட்டு விருந்துக்கு இருக்காமல் போகிறாளே என்று அம்மாவுக்குக் கோபம், தம்பிக்கும் கோபம். அந்த அக்காவை வரச்சொல்லி, கூடத்தில் உட்கார வைத்து, கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினேன். இனி நாள் கூலி கிடையாது, மாதச் சம்பளம். ஒரு நாளைக்கு ஐநூறு வீதம், சோற்றுக்கு ஒன்றும் கழிக்க மாட்டேன். பிள்ளைகள் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சம்பளம் உண்டு. இந்தப் பதினோரு நாளுக்கும் உண்டு. ஏதோ பெரிய தானம் செய்கிற மாதிரி ஒவ்வொன்றாக அடுக்கினேன்.

அவர் பெரியவளை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். அவள் அவர் சேலைத் தலைப்பைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“இத நீங்க ஊருக்குப் போறதுக்கு முன்னாடி சொல்லிருந்தீகன்னா, நான் கம்பெனிக்குப் போயே இருக்க மாட்டேன் தாயி.”

கோபமாகச் சொல்லவில்லை. பெரியவள் வாயிலிருந்து தலைப்பை எடுத்துவிட்டு, சின்னவளின் பாலாடையைக் கேட்டார்.