கவிழ்த்து வைத்த ராஜாக்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் நால்வரும் மாடி அறையில் புத்தகம் வாசித்து விவாதிக்கிறோம் என்றுதான் என் வீட்டார் நம்பினார்கள். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவளின் மாடியில் வேறென்ன நடக்கும்? மருமகள் சுண்டலோடு படியேறும் ஓசை கேட்டதும், தயாராக வைத்திருந்த தடித்த நாவலை விரித்துச் சீட்டுகளை மூடிவிடுவோம். "இந்த வாரம் என்ன புத்தகம் அத்தை?" என்பாள். நான் பதில் சொல்லி முடிக்கும்வரை மற்ற மூவரும் சுண்டலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நாங்கள் நால்வரும் ஒரே கல்லூரி விடுதியில் இருந்தவர்கள். வங்கியில் வேலை பார்த்தவள் பெங்களூரில் மகள் வீட்டில் போக்கர் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து, கே.கே. நகரில் என் வீட்டு மேசையில் அதைப் பரப்பினாள். ஆளுக்கு இரண்டு சீட்டு, பிறர் கண்ணில் படாமல். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, படிப்படியாகத் திறக்கப்படும். கையிலிருப்பதும் நடுவிலிருப்பதும் சேர்ந்து யாருக்கு உயர்ந்த சேர்க்கை அமைகிறதோ அவளுக்கே வெற்றி. ஒவ்வொரு திறப்புக்கும் பந்தயம் கூடும். அஞ்சுகிறவள் தன் சீட்டைக் கவிழ்த்து வைத்து விலகலாம். கவிழ்த்த சீட்டை யாரும் புரட்டிப் பார்க்கக் கூடாது. எல்லோரும் விலகிவிட்டால், மிஞ்சியவள் தன் சீட்டைக் காட்டாமலேயே வெல்லலாம். காசு கூடாது என்பதில் நால்வருக்கும் ஒரே கருத்து. ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்திருந்த புளியங்கொட்டைகளைப் பந்தயம் கட்டினோம்.

தொடக்கத்தில் நாங்கள் மிக மோசமாக ஆடினோம். "டீச்சரம்மாவுக்கு நல்ல சீட்டு வந்துருச்சுடி, கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிறா பாரு" என்பாள் வில்லாபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் தோழி. "ஒனக்கு மட்டும் என்னவாம்? ஜோடி சேந்தா மூக்குத்தி ஆடுது" என்று நான் திருப்பிக் கொடுப்பேன். முகத்தில் ஒன்றும் தெரியாமல் ஆடக் கற்றவள் நான்காமவள் ஒருத்திதான். கப்பலூரில் கணவரோடு சேர்ந்து அட்டைப்பெட்டிப் பட்டறை நடத்தியவள் அவள். கையில் ஒன்றுமே இல்லாமல் கொட்டைகளைக் கை நிறைய அள்ளி நடுவில் தள்ளுவாள். நாங்கள் மிரண்டு விலகியதும் தன் வெற்றுச் சீட்டுகளைக் காட்டிச் சிரிப்பாள். "எம்புட்டு படிச்சும் என்ன புண்ணியம், இம்புட்டு பயமா ஒங்களுக்கு!"

ஒரு காலையில் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் கணவர் வாசலிலேயே விழுந்து இறந்துபோனார். அவள் வெளியே வரச் சில மாதங்கள் ஆயின. மறுபடி வருகிறேன் என்று அவள் சொன்ன ஞாயிறன்று மற்ற இருவரும் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

"பாவம்டி. இன்னைக்காச்சும் அவ சந்தோசமாப் போகட்டும்" என்றாள் தையல்காரத் தோழி.

"அவ பந்தயம் கட்டுனா யாரும் எதிர்த்து நிக்க வேணாம். கவுத்துருவோம்" என்றாள் வங்கித் தோழி.

நான் தலையசைத்தேன். வந்தவரின் இலை வெறுமையாக இருக்கக் கூடாது என்று பழகிய கைகள் எங்களுடையவை. சோற்றைப் போலவே வெற்றியையும் பரிமாறிவிடலாம் என்று எங்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

அவள் வந்தாள்; ஆடினாள்; வென்றாள். வென்றுகொண்டே இருந்தாள். கொட்டைகள் அவள் முன் குவியக் குவியப் பேச்சு குறைந்தது. ஓர் ஆட்டத்தில் எனக்கு இரண்டு ராஜாக்கள் வந்தன. நடுவிலும் ஒரு ராஜா திறந்தது. மூன்று ராஜாக்கள், அன்று மேசையில் கிடந்த சீட்டுகளைக் கொண்டு அதை வெல்ல யாராலும் முடியாது. கண்ணாடியைக் கழற்றிவிடாமல் கையை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டேன். அவள் தன் குவியல் முழுவதையும் நடுவில் தள்ளினாள். மற்ற இருவரும் விலகினார்கள். நானும் கவிழ்த்து வைத்தேன்.

அவள் கொட்டைகளை எடுக்கவில்லை. கை நீட்டி, செய்யக் கூடாததைச் செய்தாள். என் சீட்டுகளைப் புரட்டினாள். பிறகு தன்னுடையவற்றையும் புரட்டிப் பக்கத்தில் வைத்தாள். ஒரு பத்து, ஒரு நாலு. ஒன்றுக்கும் உதவாதவை.

"மூணு ராஜாவ வச்சுக்கிட்டு எதுக்குடி கவுத்த?"

"கவனிக்கல" என்றேன். வாழ்நாளெல்லாம் சொற்களோடு புழங்கியவளுக்கு அந்த நேரத்தில் கிடைத்த சொல் அதுதான்.

"எங்க வீட்லயும் எல்லாரும் இப்பிடித்தான் இருக்காக. நான் தப்பாச் சொன்னாலும் சரிங்குறாக. எம்புட்டு வேணும்னு கேக்காமலே தட்டுல சோத்த வச்சுர்றாக. பட்டறைப் பக்கம் போறேன்னா, ஒனக்கு எதுக்கும்மா செரமம்னு சாவிய வாங்கிக்கிறாக." அவள் குரல் உயரவே இல்லை. "நீங்களாச்சும் என்னையத் தோக்க விடுவீகன்னு வந்தேன்."

வங்கித் தோழி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "வேணாம்டி" என்று அவளைத் தடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

சற்று நேரத்தில் மருமகளின் காலடி கேட்டது. நாவலை விரிக்க எவருக்கும் கை வரவில்லை. சீட்டுகள், கொட்டைகள், மல்லாந்து கிடந்த ராஜாக்கள் எல்லாவற்றையும் அவள் பார்த்தாள். "நாலு கிண்ணம் கொண்டாந்தேனே. அவுக போயிட்டாகளா அத்தை?" என்று மட்டும் கேட்டாள். இத்தனை நாள் ஒளித்ததற்காக வெட்கப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் அதற்கு என் மனத்தில் இடம் மிஞ்சியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பட்டறைத் தோழி வரவில்லை. தொலைபேசியில் மரியாதையாகப் பேசினாள். அந்த மரியாதைதான் தாங்க முடியாததாக இருந்தது. பின்னர் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அடுத்தடுத்த இலைகளில் அமர நேர்ந்தது. மகனிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிப் பட்டறைக்குப் போய்வருவதாகச் சொன்னாள். அங்கே பெட்டி மடிக்கும் பெண்களுக்கு மதிய இடைவேளையில் போக்கர் கற்றுக்கொடுத்திருக்கிறாளாம்.

"ஒருத்தியாச்சும் விட்டுக்குடுக்கணுமே! மொதலாளியம்மான்னு பாக்காம உருவிட்டு விடுறாளுக" என்று சிரித்தாள். பழைய சிரிப்பு. குத்திக்காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இலையிலிருந்து தலை நிமிர்த்தாமல் சாப்பிட்டு முடித்தேன்.

எங்கள் வீட்டில் இப்போது ஒளிவுமறைவு இல்லை. நாவல் அலமாரிக்குத் திரும்பிவிட்டது. மருமகள் மூன்று கிண்ணங்களில் சுண்டல் கொண்டுவருகிறாள். ஒருவரையொருவர் இரக்கமின்றித் தோற்கடிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டோம். மேசையில் நாங்கள் மூவர் இருக்கிறோம்.