கூந்தலுக்கு இட்ட வலைமுடிச்சு

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

இத்தாள்கள் கையில் கிடைத்த தாங்கள் யாராயிருப்பினும் இதனைப் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

என் தாயார் இறந்தபோது எனக்கு ஆறு வயது. திருகோணமலைத் துறைமுகத்தில் படகு இயந்திரங்களைத் திருத்தி வந்த அப்பா, அன்புவழிபுரத்து வீட்டில் என்னைத் தனியே வளர்த்தார். மறு ஆண்டில் சாம்பல்தீவைச் சேர்ந்த ஒருவர் எங்கள் முன்னறைக்குக் குடிவந்தார். அறுந்த வலைகளைப் பொத்துவது அவர் தொழில். அவரைச் சித்தப்பா என்று அழைக்கும்படி அப்பா கூறினார். அவர் வந்த பின்னரே அப்பா மீண்டும் சிரிக்கத் தொடங்கினார். அவ்விருவரும் ஒருவரையொருவர் காதலித்தனர் என்பதை இன்று தயக்கமின்றி எழுதுகிறேன்.

எந்த இயந்திரத்தையும் பிரித்துப் பூட்டத் தெரிந்த அப்பாவுக்கு மகளின் தலையைப் பின்னத் தெரியவில்லை. சித்தப்பா அப்பொறுப்பை மனமுவந்து ஏற்றார். பின்னல் குலையாதிருக்க, வலைக்கண்ணுக்கு இடும் முடிச்சையே என் ரிபனுக்கும் இட்டார். அது இழுக்க இழுக்க இறுகுமேயன்றி இளகுவதில்லை. ஆகையால் வெள்ளிதோறும் முழுக்கின்போது அதனைக் கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. முடிச்சோடு கூந்தலும் ஒரு விரற்கடை சென்றது. மூன்று மாதங்களில் இடுப்பில் கிடந்த கூந்தல் தோளுக்கு ஏறிற்று.

அவ்வேளையில் கிளிவெட்டியிலிருந்து அப்பாவின் தமக்கையாராகிய மாமி வந்து என் தலையைத் தடவிப் பார்த்தார்.

“எங்கை பிள்ளையின்ரை தலைமயிர்? மீனுக்கு இரையாப் போட்டிட்டீங்களோ?”

“முடிச்சு அவிழ்க்க ஏலாமல் போச்சு அக்கா,” என்றார் சித்தப்பா.

மாமி சிரிக்கவில்லை. “தம்பி, பொம்பிளையில்லாத வீட்டிலை பொம்பிளைப்பிள்ளை எப்பிடி வளரும்? ஒண்டில் நான் பாத்து வைச்சிருக்கிற பொம்பிளையைக் கட்டு. இல்லாட்டி இவளை என்னோடை அனுப்பு,” என்று அப்பாவிடம் கூறி, என் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

சித்தப்பா தமது வலையூசிகளைத் துணியில் சுற்றினார். “நான் போறன். பிள்ளை தகப்பனோடை இருக்கட்டும்,” என்றார்.

அப்போது அப்பா அவரது கையைப் பற்றினார். தமக்கையார் பார்த்து நின்றபோதும் விடவில்லை.

“எனக்குக் கலியாணம் ஏலாது அக்கா. பிள்ளையை விட ஏலாது. இவரை விடவும் ஏலாது. இதுதான் என்ரை வீடு.”

மாமி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் குசினிக்குள் சென்று தேத்தண்ணீர் போட்டார். எல்லோரும் குடித்து முடித்தனர். அதன்பின் சித்தப்பாவைக் கதிரையில் இருத்தி, என்னை அவர் முன் நிறுத்தி, என் ரிபனை ஒரு முறை கட்டிக் காட்டினார்.

“ஒரு இழுவையிலை அவிழவேணும். இது சுறா வலையில்லை, விளங்குதோ?”

“ஓம் அக்கா.”

“ஓம் எண்டால் காணாது. கட்டிக் காட்டுங்கோ.”

ஐந்து தடவை கட்டச் செய்தார்.

மறுநாள் ஊர் திரும்பத் துறையில் மூதூர் லோஞ்சுப் படகில் ஏறுமுன் மாமி, “அறுவடைக்குப் பிள்ளையோடை ரெண்டு பேரும் வாங்கோ. மூண்டு பேருக்கும் பாய் போட்டு வைக்கிறன்,” என்றார்.

அதனைக் கேட்ட அப்பா கடற்பக்கம் திரும்பி நின்று அழுதார். ஓர் அறுவடை அழைப்புக்கு ஒருவர் ஏன் அழவேண்டும்? கிளிவெட்டிக்குப் போக அவருக்கு விருப்பமில்லையாக்கும் என்று எண்ணிய நான், “போகாட்டிலும் பரவாயில்லை அப்பா,” என்று ஆறுதல் கூறினேன்.

அவர்கள் முதுமைவரை அவ்வீட்டிலேயே ஒன்றாக வாழ்ந்தனர். அவர்களைப் பற்றி வேறெங்கும் எழுதப்படவில்லை. ஆதலால் இத்தாள்களை எறிந்துவிடாது வைத்திருக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.