பிரித்துப்போட்ட கொட்டகை

வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவன் எழுதிவைத்த விதிப்புத்தகம் மட்டும் திண்டிவனத்தில் என் மேஜைமேல் சட்டமாக உட்கார்ந்திருந்தது. அப்போது நான் பள்ளிகளைப் பார்வையிடும் டெபுடி இன்ஸ்பெக்டர். பெயர்தான் பெரிசு. ஒரு ஜன்னல் வைக்க அனுமதி தருவதென்றாலும் விழுப்புரத்து மேலதிகாரியைக் கேட்க வேண்டும்.

மரக்காணம் பக்கம் ஒரு மீனவர் குப்பம். ஊர்க்காரர்களே போட்ட ஓலைக் கொட்டகையில் ஒரு பள்ளிக்கூடம், ஒரே வாத்தியார். பள்ளிகளை நவீனப்படுத்தச் சொல்லி உத்தரவு வந்த சமயம் அது. ஓட்டுக் கட்டடத்துக்கு மானியம் உண்டு என்றார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "இனிமே ஓலை ஆகாது, ஓடு போட்டாதான் சர்க்கார் ஒத்துக்கும்" என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு வந்தேன். நல்லதுக்குத்தான் சொன்னேன்.

அடுத்த மாதம் போனால் கொட்டகையைக் காணோம். கழிகளை வலைக்கயிற்றால் கட்டி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். பிள்ளைகள் வெறும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்த் தலைவரான நாட்டார் சந்தோஷமாக வந்தார்.

"ஐயா சொன்னீங்கன்னு மறுநாளே பிரிச்சிட்டோம்ங்க. அன்னிக்கு யாரும் கடலுக்குப் போவல. ஓடு எப்போங்க வரும்?"

மானியத்துக்கு இன்னும் மனுவே எழுதவில்லை. கட்டடம் இல்லாத பள்ளிக்கு அங்கீகாரம் கிடையாது என்பது விதி.

விழுப்புரத்துக்கு ஓடினேன். மேலதிகாரி கெட்டவர் இல்லை. "நீங்க சொன்னது, அவங்க கேட்டது, அதெல்லாம் ஃபைல்ல வராதுங்க. கட்டடம் இருக்குதா, இல்லியா? அத எழுதுங்க" என்றார். இல்லை என்று எழுதினேன். என் கையால்தான் எழுதினேன், பாவி.

அங்கீகாரம் ரத்தானது. உத்தரவை நானே கொண்டுபோனேன். நாட்டார் கேட்டுவிட்டு, "அதனால என்னங்க? கழி அப்படியே கீது. பொழுது சாயறதுக்குள்ள பழையபடி போட்டுர்றோம். அப்போ ஒத்துக்குவீங்கல்ல?" என்றார்.

பழைய ஓலையை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்ட விதி, புதிதாகப் போடும் ஓலையை ஒத்துக்கொள்ளாது. இதை எந்த வாயால் சொல்வது?

"ஒத்துக்க மாட்டாங்க" என்றேன்.

"நீங்கதானே சர்க்காரு?" என்றார் அவர்.

ரத்தான பள்ளியின் வருகைப் பதிவேட்டை வாங்கிவருவதும் என் வேலைதான். வாத்தியார் எடுத்துக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். அன்று காலையிலும் மணலில் உட்காரவைத்துப் பெயர் கூப்பிட்டிருக்கிறார். ஒரு பிள்ளைகூட ஆப்சென்ட் இல்லை.