நான் ஒட்டிய பக்கம்

என் மருமகள் பொய் சொல்ல மாட்டாள். சாம்பாரில் உப்புக் கூடிப்போனால்கூடத் தானே வந்து சொல்லிவிடுவாள். அவளைப் பொய்க்காரி என்று ஒருவர் எழுதி, ஊர் உலகமெல்லாம் படிக்கும்படி கம்ப்யூட்டரில் போட்டார். தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

எல்லாம் ஒரு நாவலால் வந்தது. அதை எழுதியவர் எங்கள் மைசூரிலேயே அரசாங்க உத்தியோகம் பார்த்த தமிழர். அவர் காலமான பிறகு, அவர் எழுத்தில் பிரியம் வைத்தவர்கள் சேர்ந்து ஒரு வெப்சைட் தொடங்கினார்கள். நடத்தியவர் சரஸ்வதிபுரத்தில் இருந்த ஒரு கல்லூரி வாத்தியார், ரிட்டையர் ஆனவர். நாவல் முழுவதையும் டைப் அடித்து அதில் ஏற்றி வைத்திருந்தார். யார் எந்த வரியை எடுத்துக் காட்டினாலும், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று கீழே போட வேண்டும். அது அவருடைய சட்டம். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை.

ரயிலடியில் தாயும் மகனும் பிரிகிற இடத்தைப் பற்றி என் மருமகள் ஒரு கட்டுரை எழுதி, இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து அனுப்பினாள். அதில் நாவலிலிருந்து ஒரு வரி. 'அப்பாவைப் போலவே அவனும் பொய் சொன்னான். ஆனால் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.' கீழே, முதல் பதிப்பு, பக்கம் 117 என்று போட்டிருந்தாள். பத்து நாள் கழித்து வாத்தியார் கட்டுரையைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் தன் குறிப்பை வைத்தார். முதல் பதிப்பு தன்னிடம் இருக்கிறதாம். 117-இல் அந்த வரி இல்லையாம். கம்ப்யூட்டரில் ஏற்றியதிலும் தேடிவிட்டாராம். ஆகவே இது கட்டுரை எழுதியவர் இட்டுக்கட்டிய வரி. என் மருமகளின் பெயரையும் சேர்த்தே போட்டிருந்தார்.

அவள் அழவில்லை. கடையிலிருந்து வந்து, அந்தப் புத்தகத்தை அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள்.

"விடுங்க அத்தை. நம்ம வீட்டுப் புத்தகத்துல இருக்குது, அவர் புத்தகத்துல இல்ல. நான் என்ன பண்ண?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வந்த கோபம் இருக்கிறதே, அது அடுப்பில் வைத்த பால் மாதிரி.

ஏனென்றால் அந்தப் பக்கத்தை ஒட்டியவள் நான்.

கொள்ளேகால் பக்கத்திலிருந்து கல்யாணம் கட்டிக்கொண்டு வந்த மறு வருஷமே, அக்ரஹாரத்தில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குப் போனேன். மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எண் தெரியும். பதினாறு பக்கம் ஒரு பாரம். மடித்து, அடுக்கி, தைக்கிற வேலையில் இருபத்தைந்து வருஷம் ஒரு பாரம் மாற்றி வைத்தவள் இல்லை நான்.

அந்த நாவலையும் நாங்கள்தான் கட்டினோம். முதல் கட்டுப் புத்தகங்கள் கடைக்குப் போய்விட்டன. அப்போது எழுதியவர் முகம் வெளுத்து வந்து நின்றார். ரயிலடி வரியைப் படித்துவிட்டு, தன் குடும்பத்தைத்தான் எழுதியிருக்கிறான் என்று அவருடைய அக்கா பேச்சை நிறுத்திவிட்டாராம். அந்த ஒரு தாளை மட்டும் மாற்றித் தாருங்கள் என்று முதலாளியிடம் கெஞ்சினார். அந்த வரி இல்லாமல் புதுத் தாள் அடித்தார்கள். மிச்சம் இருந்த புத்தகத்தில் எல்லாம், 117-ஐ முதுகோரம் நகக்கண் அகலம் விட்டு வெட்டி, அந்தத் துண்டின் மேல் புதுத் தாளை மைதாப் பசையால் ஒட்டினேன். மூன்று நாள் அதே வேலை. அட்டை கோணிப்போன ஒரு பிரதியை முன்பே என்னிடம் கொடுத்திருந்தார்கள். அதில் பழைய தாள் அப்படியே இருந்தது. என் வீட்டில் இருந்தது அதுதான்.

மருமகள் வேண்டாம் என்றாள். புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு சரஸ்வதிபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

வாத்தியார் உட்காரச் சொன்னார், அது பொய்யில்லை. வந்த காரியத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"நீங்க சும்னே டென்ஷன் ஆகாதீங்கம்மா. இதெல்லாம் பதிப்பு விஷயம். படிச்சவங்க யாராவது வந்தா பேசலாம்."

"படிச்சவ எழுதினதத்தான் நீங்க பொய்யின்னுட்டீங்களே சார். அதான் படிக்காதவ வந்திருக்கறனுங்க. உங்க முதல் பதிப்பக் கொஞ்சம் எடுங்க."

கண்ணாடி அலமாரியைத் திறந்து, பூப்போல எடுத்து வந்தார். நான் 117-ஐப் பிரித்து, முதுகோரம் கட்டைவிரலை ஓட்டினேன். பசை தட்டியது. இத்தனை வருஷம் கழித்தும் என் வேலை விட்டிருக்கவில்லை.

"இங்க தொடுங்க சார். மத்த தாளெல்லாம் மடிச்சுத் தெச்சது. இது மட்டும் தனியா ஒட்டினது. வெளிச்சத்துல புடிங்க, அடியில வெட்டின துண்டு தெரியும்."

ஜன்னல் பக்கம் போய்ப் பிடித்துப் பார்த்தார். என் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தார். அந்த வரியை வாய்க்குள் படித்தார்.

"ஹௌதா, அப்படியா..." என்றார்.

"கம்ப்யூட்டர்ல ஏத்தினீங்களே, அது எந்தப் புத்தகத்தப் பாத்துங்க?"

"ரெண்டாம் பதிப்பு. முதல் பதிப்ப விரிச்சு வெச்சா முதுகு விட்டுடுமேன்னு..."

"அதுக்கு எழுத்தையே சின்னதாக்கிப் புதுசா அச்சுக் கோத்தாங்க. வெட்டின வரி அதுலயும் கெடையாது. பக்கமெல்லாம் முன்ன நகந்துபோச்சு. ரெண்டாம் பதிப்பப் பாத்து அடிச்சதுன்னு நீங்க அங்க போட்டிருக்கீங்களா?"

போட்டிருக்கவில்லை. அடுத்தவர்கள் மட்டும் பதிப்பும் பக்கமும் போட வேண்டும், இவர் போட மாட்டார்! "திருத்திடறேம்மா" என்று வாசல் வரை வந்து சொன்னார்.

திருத்தினார். மருமகள் கடைக்குப் போய் ஒரு தாளில் பிரின்ட் எடுத்து வந்து படித்துக் காட்டினாள். இட்டுக்கட்டியது என்ற சொல் போய்விட்டது. கட்டுரையும் திரும்பி வந்துவிட்டது. கீழே புதிதாக ஒரு குறிப்பு. 'முதல் பதிப்பின் சில பிரதிகளில் இவ்வரி உண்டு என்பது மேலும் ஆய்வு செய்ததில் தெரியவந்தது.'

"போதும் அத்தை, என் பேர் சுத்தமாயிடுச்சு."

"எது போதும்? நேத்து உன்னப் பொய்க்காரின்னவரு, இன்னைக்கு ஏன் மாத்தினாருன்னு படிக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? ஆய்வாம் ஆய்வு! எந்த ஆய்வு? அவரு ஜன்னல்கிட்டப் போனதா?"

மறுபடி பஸ் ஏறினேன். இந்த முறை மருமகளும் கூட வந்தாள்.

"ஒவ்வொரு வரிக்கும் எங்க இருந்து வந்ததுன்னு கேக்கறீங்களே சார், இந்த வரி எங்க இருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "கேள்வி சரிதானே, பதில் சொல்லுங்கோ" என்றார். வாத்தியார் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல அடித்தார். இந்த வரி ஒட்டுத்தாளுக்கு முந்திய பிரதிகளில் உள்ளது. தாளை வெட்டி ஒட்டிய பைண்டிங் தொழிலாளி சொன்னது. அவரிடமுள்ள பிரதியில் பார்த்தது. கட்டுரையாளர் எழுதியது சரி, வெப்சைட் நடத்தும் நான் எழுதியது தவறு. கம்ப்யூட்டரில் உள்ளது இரண்டாம் பதிப்பைப் பார்த்து அடித்தது.

'தவறு' என்ற இடத்தில் மட்டும் அவர் கை கொஞ்சம் நின்றது. பிறகு அடித்தார்.

"ஆயித்தும்மா, முடிஞ்சுது. அனுப்பிடட்டா?"

"இருங்க" என்றேன். மருமகள் படித்துக் காட்ட வாயெடுத்தாள். அவளையும் இருக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடித் திரையில் விரலை வைத்து முதல் எழுத்திலிருந்து கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு நேரமாகும். வாத்தியார் பின்னால் கைகட்டி நின்றார். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.