உப்புக் கிடங்கின் இரும்பு மூடி

பேய், பிசாசு, காத்துக் கருப்பு எதையும் நான் நம்பியவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் முதலில் என் முகத்தைப் பார்த்து, "குடிச்சிருந்தியா?" என்றுதான் கேட்டார்கள். குடிக்கவில்லை. பொன்னேரி ஸ்டேஷன் எதிரே இட்லியும் டீயும் சாப்பிட்டிருந்தேன், அவ்வளவுதான். நடந்தது பட்டப்பகல் வெயிலில். ராத்திரி நடந்திருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. அப்பா போன பிறகு வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று நானாகவே கிளம்பிவிட்டேன். ஓட்டலில் டேபிள் துடைத்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், படுக்க இடமில்லாதபோது சுடுகாட்டுக் கொட்டகையில் படுத்திருக்கிறேன். மழைக்கு அதைவிட நல்ல கூரை எந்த ஊரிலும் இல்லை. கொசுவைத் தவிர எதுவும் என்னை அங்கே எழுப்பியதில்லை.

இப்போது கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றின் ஸ்கிராப் யார்டில், பழைய இரும்பு வந்து குவியும் இடத்தில் வேலை. வார லீவு கிடைத்தால் அறையில் இருக்க முடியாது, கால் அரிக்கும். சென்னையிலும் அதன் ஓரங்களிலும் யாரும் திரும்பிப் பார்க்காத பழைய சமாச்சாரங்களைத் தேடிப் போவேன். வடசென்னையில் ஒரு சந்தில் டிராம் தண்டவாளத்தின் துண்டு ஒன்று ரோட்டில் இன்னும் புதைந்து கிடக்கிறது, அதன்மேல் ஒரு அம்மா மீன் கூடையை வைத்து விற்கிறார். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள், அதன் நிழலில் மத்தியானம் தூங்கியும் இருக்கிறேன்.

எங்கள் யார்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கிரேனில் ஒரு பெரிய காந்தம் தொங்கும். அது டன் கணக்கில் இரும்பைத் தூக்கிக் கொண்டுபோய்த் தொட்டியில் போடும். தொட்டிக்குள் ஆள் இறங்கித் தரம் பிரித்துக்கொண்டிருப்பான். அந்தச் சத்தத்தில் கத்தினால் கேட்காது. அதனால் போடுவதற்கு முன் வெளியே நிற்பவன் கம்பியால் ஒரு தட்டு தட்டுவான். உள்ளே ஆள் இருந்தால் இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தட்டு. "ஆள் இருக்கேன், போடாதே" என்று அர்த்தம். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் சேர்ந்தபோதே இருந்தது. நாளாக நாளாக, மூடியிருக்கும் இரும்பு எதைப் பார்த்தாலும் ஒரு தட்டு தட்டாமல் என் கை சும்மா இருக்காது.

பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில், பொன்னேரியிலிருந்து கிழக்கே, ஒரு பழைய உப்புக் கிடங்கு இருந்தது. கூரை எப்போதோ போய்விட்டது, செங்கல் சுவர்கள் மட்டும் சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே நின்றன. அந்த இடத்தில் புதிதாகக் குடோன் கட்டப் போகிறார்கள், சவுடு மண் அடித்து மேடாக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மூடுவதற்குள் பார்த்துவிடலாம் என்று போனேன்.

அங்கே ஜேசிபி ஓட்டிக்கொண்டிருந்தவன் பெயர் சேட்டு, எனக்கு டீக்கடைப் பழக்கம்.

"இன்னா நைனா, லீவு நாள்ல ஊட்ல படுக்காம இங்க இன்னா மேஞ்சிக்கினு கீற?"

"கிடங்க பாக்க வந்தேன். மூடிடுவீங்களாமே."

"சாயங்காலத்துக்குள்ள முடிக்கணுமாம். பாத்துட்டு சீக்கிரம் ஓடு. தங்கம் கிங்கம் இருந்தா எனக்குப் பாதி."

கிடங்கின் ஒரு மூலையில், முள்ளை ஒதுக்கிப் பார்த்தால், தரையோடு தரையாக ஒரு இரும்பு மூடி. கட்டில் அகலம் இருக்கும். நடுவில் வளையம், சுற்றிலும் துரு ஏறி செங்கல்லோடு ஒட்டிப்போயிருந்தது. பக்கத்தில் கிடந்த கம்பித் துண்டை எடுத்தேன். பழக்கதோஷம், ஒரு தட்டு தட்டினேன்.

உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் ஒன்று.

சேட்டு விளையாடுகிறானா என்று திரும்பிப் பார்த்தேன். அவன் கேபினில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். மறுபடி ஒரு தட்டு. மறுபடியும் அதே பதில், இந்த முறை கொஞ்சம் அவசரமாக. நம்பினால் நம்புங்கள், அந்த நேரத்தில் எனக்குப் பேய் ஞாபகம் துளிகூட வரவில்லை. வெயிலுக்கு ஒதுங்கிய எவனோ வேறு வழியாக உள்ளே இறங்கி மாட்டிக்கொண்டான், எங்கள் யார்டில் வேலை பார்த்தவன், என்றுதான் நினைத்தேன். மண் லாரி ஒன்று பின்பக்கமாக அந்த மூலைக்கு வந்துகொண்டிருந்தது. நான் போய் மூடியின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சைட் மேஸ்திரி ஓடி வந்தார்.

"யார்ரா நீ? எழுந்திரு."

"உள்ள ஆள் கீறான்."

"எத்தினி பேரு? அது இன்னா கல்யாண மண்டபமா?"

"சிரிச்சிக்கோ. மொதல்ல தெற."

"ஒட்டிக்கினு கெடக்குது பாரு, துருவு. எந்த வழியா போனான் உன் ஆளு, காத்தாட்டமா?"

"அது எனக்குத் தெரியாது. தட்டறான். தெற."

"எந்தக் கம்பெனிடா நீ? ஒரு போன் போட்டா நாளைக்கி உனக்கு வேலை இருக்காது."

"போடு. போட்டுக்கினே தெற."

அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார், பொத்தான் தெறித்தது. நான் வளையத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வேலை போனால் இன்னொரு வேலை, எனக்கு அது புதிதில்லை. உள்ளே இருப்பவன் தலைமேல் மண் கொட்டிவிட்டால் அவனுக்கு இன்னொரு உயிர் கிடைக்காது.

சேட்டு என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். லாரிக்காரனும் வண்டியையும் பாட்டையும் நிறுத்தினான். நான் ஒரு தட்டு தட்டினேன். பதில் வந்தது, எனக்கு உட்கார்ந்த இடத்தில் அதிர்ந்தது. சேட்டு முகத்தில் ரத்தமே இல்லை. திரும்பிப் போய் வண்டியில் ஏறி, நான் எழுந்து ஒதுங்கியதும் பக்கெட்டின் பல்லை வளையத்தில் மாட்டித் தூக்கினான். மேஸ்திரி கத்தியதை அவன் காதில் வாங்கவே இல்லை.

மூடி பெயர்ந்தது. உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு செங்கல் குழி. சுவரெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. யாரும் இல்லை. நான் குதித்து இறங்கி நாலு சுவரையும் தடவிப் பார்த்தேன். எலி நுழையக்கூட ஓட்டை இல்லை. தரையில் மாவு போலப் புழுதி, அதில் என் கால் தடம் மட்டும்.

"இன்னா, உன் மச்சான் எங்க? டீ குடிக்கப் போய்ட்டானா?" என்றார் மேஸ்திரி. லாரிக்காரன் சிரித்தான். சேட்டு சிரிக்கவில்லை, அவன் பக்கெட்டில் தொங்கிய மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூடியின் அடிப்பக்கம் முழுக்க அப்பளம் அப்பளமாகத் துரு உரிந்து தொங்கியது. நடுவில் ஒரு இடம் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, லேசாகக் குழிந்து, வெள்ளி மாதிரி பளபளத்தது. இரும்போடு புழங்குகிறவர்களுக்கு இது தெரியும். அடி விழுந்துகொண்டே இருக்கும் இடத்தில் துரு ஏறாது. மேஸ்திரி விரலால் தொட்டுப் பார்த்தார், விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். சிரிப்பு நின்றுவிட்டது. "மூடியை ஓரமாப் போட்டுட்டு மண்ணை அடி" என்றார். முதல் லோடு கொட்டுமுன் சேட்டு நீளமாக ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருந்தான்.

போனும் போட்டார்கள். எங்கள் ஃபோர்மேன் என்னைத் திட்டினார், வேலை போகவில்லை. வெயிலில் இரும்பு விரிந்தால் தட்டுகிற மாதிரி சத்தம் வரும் என்று படித்தவர் ஒருவர் விளக்கினார். வரட்டும். இரண்டு, இடைவெளி, ஒன்று என்று எங்கள் யார்டு கணக்கில் வருமா? சேட்டு இப்போது, "எனக்கு ஒண்ணும் கேக்கல நைனா, பேஜாரு பண்ணாத, நான் புள்ளகுட்டிக்காரன்" என்கிறான். ஆனால் இன்றைக்கும் ஹாரன் அடிக்காமல் அவன் எந்தப் பள்ளத்திலும் மண் தள்ளுவதில்லை, போய்ப் பாருங்கள். நான் கேட்டதைக் கேட்டேன் என்றுதான் சொல்வேன், எவன் முன்னாலும்.

கொஞ்ச நாள் கழித்து அந்த மூடி பழைய இரும்போடு எங்கள் யார்டுக்கே வந்தது. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. உலைக்குப் போக விடவில்லை, சண்டை போட்டு வெளியே எடுத்து காம்பவுண்டுச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் சாயங்காலம் வெளியே விட்ட புதுக் கம்பி விடிவதற்குள் துருவேறிப் பழுத்துப்போகும், அப்படிப்பட்ட உப்புக் காற்று. ஒரு மழைக்காலம் முழுக்க மூடி நனைந்தும்விட்டது. அந்த உள்ளங்கை அகலம் மட்டும் இன்றுவரை பளபளவென்றே இருக்கிறது.

"தட்டிப் பாரேன், பயமா?" என்கிறார்கள், நான் இன்னும் தட்டவில்லை. கம்பியும் பக்கத்திலேயேதான் இருக்கிறது. வந்து நீங்களே ஒரு தட்டு தட்டுங்கள். பதில் வந்தால், இந்த முறை எதைத் திறப்பது என்று மட்டும் எனக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.