ஒரு வாட்டி படிச்சுக் காட்டுங்க

பத்திரிகையில் இருந்த காலத்தில் ஒரு விதியை நான் மீறியதே இல்லை: எழுதியதை அச்சாகும் முன் சம்பந்தப்பட்டவரிடம் காட்டக் கூடாது. வேலையை விட்ட பிறகு, குடும்ப வன்முறைக்கு எதிரான ஒரு விழிப்புணர்வுப் பிரசாரத்துக்கு எழுதிக் கொடுத்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில் இட்லிக்கடை வைத்திருக்கும் பெண்ணை அதற்காகத்தான் சந்தித்தேன். கணவன் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியதில் பிழைத்தவர். அவன் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கல்லூரியில் படிக்கும் மகளிடம், அடுப்பு வெடித்தது, அப்பாதான் தண்ணீர் ஊற்றி அணைத்தார் என்று சொல்லியே வளர்த்திருந்தார். மகள் தினமும் அப்பாவின் படத்துக்குப் பூ வைப்பாள்.

"இன்னொருத்திக்கு இப்படி நடக்கக் கூடாது, எழுதுங்க சார். ஆனா எம்பொண்ணுக்குத் தெரியக் கூடாது. எனக்குப் படிக்க வராது, போடறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி படிச்சுக் காட்டுங்க."

தலையாட்டினேன். பெயர், ஊர், வயது எல்லாவற்றையும் மாற்றினேன். கடையில் எடுத்த படங்களில் முகம் தெரியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இட்லித் தட்டைப் பிடித்த இடது கை மட்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒட்டிப்போன கை. படித்துக் காட்டவில்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் கிரிவலப் பாதையில் பேனர்கள் கட்டினார்கள். மகள் பஸ்ஸிலிருந்து இறங்கும் இடத்திலேயே ஒன்று. 'என் கணவரே என்னைக் கொளுத்தினார்' என்ற தலைப்புக்குக் கீழே அம்மாவின் கை.

விஷயம் தெரிந்து மறுநாள் காலை கடைக்குப் போனேன்.

"செத்துப்போன மனுசன ரோட்டுல நிக்க வெச்சுட்டியேன்னு பொண்ணு கேட்டுச்சு சார். நான் பொய் சொல்றேனாம். அவங்கப்பா போட்டோவத் தூக்கினு அத்த வூட்டுக்குப் போயிடுச்சு."

பேனர்களைக் கழற்றச் சொல்லிவிட்டதாகச் சொன்னேன்.

"அதுல என்னதான் சார் எழுதியிருக்கு?"

படித்துக் காட்டினேன். மாவுக் கையைக் கழுவாமல் கடைசி வரை கேட்டார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. அன்னிக்கே காட்டியிருந்தா, கைய மட்டும் வேணாம்னு சொல்லியிருப்பேன்."

யாரோ இரண்டு பார்சல் கேட்டார்கள். அந்த அம்மா இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஒரே கையால் இலையை மடிக்கப் பார்த்தார். முடியவில்லை. இலையின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.